கணவன் மனைவி தேவை

வேலை தேடுகிற நாட்களில் ஒருத்திக்குக் கோபம் வராமல் இருக்க வேண்டுமென்றால் வேலை விளம்பரங்களைப் படிக்கக் கூடாது. நான் ஒன்று விடாமல் படித்தேன். காலையில் பல் துலக்குவதற்கு முன்பே கைபேசியை எடுத்து, யாரோ என்னைச் சேர்த்துவிட்ட வேலைவாய்ப்பு வாட்ஸ்அப் குழுவில் புதிதாக வந்து விழுந்திருப்பதையெல்லாம் பார்த்துவிடுவேன். பால் வாங்கப் போகிற வழியில் மின்கம்பத்தில் ஒட்டியிருப்பது, பஸ் ஸ்டாப் சுவரில் ஒட்டியிருப்பது, பட்டறை வாசலில் அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருப்பது எதையும் விடமாட்டேன். கோயம்புத்தூரில் ஆள் தேவைப்படாத தெருவே கிடையாது. அந்த ஆள் நானாக இருக்கக் கூடாது என்பதில்தான் எல்லோரும் ஒற்றுமையாக இருந்தார்கள்.

ஆண்களுக்கான விளம்பரம் சுருக்கமாக இருக்கும். லேத் ஆபரேட்டர், அனுபவம் வேண்டும், தங்க இடம் உண்டு. அவ்வளவுதான். டிரைவர் என்றால் லைசென்ஸ் கேட்பார்கள். பெண் என்று ஆரம்பித்துவிட்டால்தான் எழுதுகிறவருக்குக் கை நிற்காது. பொறுமையான, அடக்கமான, சிரித்த முகமுள்ள, குடும்பப் பாங்கான. ஒரு ஜவுளிக்கடை களையான முகம் கேட்டது. கணக்கு எழுதக் கூப்பிட்ட ஒரு மர டிப்போகூட ‘நல்ல குணமுள்ள பெண்’ என்று போட்டிருந்தது. கூட்டல் கழித்தல் தெரிய வேண்டும் என்று அதில் ஒரு வார்த்தை இல்லை. ஆண்களிடம் கைத்தொழிலைக் கேட்கிறவர்கள் நம்மிடம் குணத்தைக் கேட்கிறார்கள். குணத்துக்கு எங்கே போய் சர்டிபிகேட் வாங்குவது?

ஒரு பல் டாக்டருக்கு வரவேற்பில் உட்காரத் திருமணமாகாத பெண் வேண்டுமாம். அதே தெருவில் ஒரு பேக்கரிக்குத் திருமணமான பெண்தான் வேண்டுமாம். ஆகாதவள் கல்யாணம் என்று சொல்லிப் பாதியில் நின்றுவிடுவாள் என்ற பயம். நான் இரண்டிலும் சேராமல் நடுவில் நின்றேன். கல்யாணம் ஆகியிருந்தது, கணவர் என்னோடு இல்லை. செத்துப்போகவில்லை. பவானிப் பக்கம் எங்கேயோ லாரி ஓட்டிக்கொண்டு, வேறொருத்தியோடு, நன்றாகத்தான் இருக்கிறார் என்று கேள்வி. எங்களுக்குப் பிள்ளை இல்லை. கோர்ட்டு கேஸ் என்று நானும் அலையவில்லை. போனவர் போகட்டும் என்று விட்டுவிட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

அந்த வேலையும் விளம்பரம் பார்த்துக் கிடைத்ததுதான். ஒரு பம்ப்செட் கம்பெனியில் ‘வைண்டிங் பிரிவுக்குப் பொறுமையுள்ள பெண்கள் தேவை’ என்று போட்டிருந்தார்கள். மோட்டாரின் வயிற்றுக்குள் செப்புக் கம்பியைச் சுற்றிச் சுற்றிச் சொருகுகிற வேலை. கல்யாணத்துக்கு முன்னால் சேர்ந்தவள், அவர் போன பிறகும் சுற்றிக்கொண்டுதான் இருந்தேன். போன வருஷம் அதற்கு மெஷின் வந்துவிட்டது. அதை ஓட்ட ஆள் எடுத்தபோது வாசலில் ‘ஆண்கள் மட்டும்’ என்று எழுதி வைத்தார்கள். மெஷினை ஓட்டுவதற்குப் பொறுமை தேவையில்லைபோல. எங்களையெல்லாம் வரிசையாக நிற்கவைத்து, ஆளுக்கொரு எவர்சில்வர் டிபன் கேரியர் கொடுத்து அனுப்பினார்கள். வேலைக்குப் போகாதவளுக்கு டிபன் கேரியர் எதற்கு என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

வேலை போனதுகூடப் பரவாயில்லை. வீடும் சேர்ந்து போகிற மாதிரி ஆனதுதான் தாங்கவில்லை. கணபதியில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தேன். ஒரே சுவரில் ஒட்டின வீடுகள். வீட்டுக்காரர் அதை இடித்து அடுக்குமாடி கட்டப்போவதாக வந்து சொன்னார். எங்கள் ஊரில் இதையெல்லாம் சொல்கிற விதமே தனி.

“ஆடி பொறக்கறதுக்குள்ள காலி பண்ணிக் குடுத்தீங்கன்னா நல்லா இருக்குமுங்க. ஆடில ஊடு மாறக் கூடாதுன்னுதான் முன்னாடியே சொல்றனுங்க” என்றார். எனக்கு நல்லது செய்கிற மாதிரியே சொன்னார். நானும் “ரொம்ப நன்றீங்க” என்று சொல்லிவைத்தேன். அப்போது ஆனி மாதம் பிறந்திருந்தது.

வேறு வீடு தேடினேன். ‘குடும்பத்துக்கு மட்டும்’ என்று வாசலில் போர்டு இருக்கும். எத்தனை பேர் என்று கேட்பார்கள். நான் மட்டும் என்பேன். “அப்படீங்களா. ஊட்டுல ஆம்பளைங்களக் கேட்டுப்போட்டுச் சொல்றமுங்க” என்பார்கள். அதோடு சரி. கொங்கு நாட்டில் இல்லை என்று முகத்துக்கு நேரே யாரும் சொல்லமாட்டார்கள். கேட்டுச் சொல்கிறோம் என்பார்கள். கேட்கவும் மாட்டார்கள், சொல்லவும் மாட்டார்கள். நாமாகப் புரிந்துகொண்டு நகர்ந்துவிட வேண்டும். நானே எத்தனை பேரை அப்படி அனுப்பியிருக்கிறேன். கேஸ் அடுப்பு விற்க வருகிறவரிடம், சீட்டுப் போடச் சொல்லி வருகிற அம்மாவிடம், “அவரு வந்தா கேட்டுச் சொல்றனுங்க” என்று சொல்லிவிடுவேன். அவர் வரப்போவதில்லை என்பது எனக்குத்தானே தெரியும். வாசலில் ஒரு ஜோடி ஆண் செருப்பும் வாங்கிப் போட்டிருந்தேன். அது புதுசாகவே இருந்தால் சந்தேகம் வரும் என்று, வாசல் கூட்டும்போது அதன்மேல் கொஞ்சம் மண்ணைத் தள்ளிவிடுவேன்.

எனக்குத் தனிமை பிடிக்காது. பழகிவிட்டது என்று வெளியில் சொல்வேன், அது சும்மா. பொழுது சாய்ந்தால் பக்கத்து வீடுகளில் தோசை சுடுகிற சத்தமும் பிள்ளைகளை அதட்டுகிற சத்தமும் கேட்கும். நான் ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு கரண்டி கழுவி வைத்துவிட்டு டிவியைப் போடுவேன். நிகழ்ச்சி பார்க்க அல்ல, வீட்டில் ஒரு பேச்சுக்குரல் இருக்கட்டும் என்றுதான். ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையும் வாயைத் திறக்காமலே போயிருக்கிறது. திங்கட்கிழமை கண்டக்டரிடம் டிக்கெட் கேட்பதற்கு முன் இரண்டு தடவை கனைத்துக்கொள்வேன்.

இந்த நிலையில்தான் அந்த விளம்பரம் வந்தது. ‘அவிநாசி அருகே தென்னந்தோப்பு பார்த்துக்கொள்ள கணவன் மனைவி தேவை. குழந்தை இல்லாதவர்களுக்கு முன்னுரிமை. குடிப்பழக்கம் இருக்கக் கூடாது. தங்க வீடு, கரண்டு, தண்ணீர் இலவசம். சம்பளம் நேரில்.’

இப்படி ஜோடியாகக் கேட்பது எங்கள் பக்கம் புதிதல்ல. கோழிப்பண்ணைக்கும் தோப்புக்கும் எப்போதும் ஜோடியாகத்தான் கேட்பார்கள். எத்தனையோ தடவை தாண்டிப் போயிருக்கிறேன். அன்று தாண்ட முடியவில்லை. குழந்தை இல்லை, சரி. குடிப்பழக்கம் இல்லை, சரி. தங்க வீடு வேண்டும், ரொம்பச் சரி. கேட்டதில் முக்கால்வாசி என்னிடம் இருந்தது. கணவன் ஒருவர்தான் குறைவு.

அந்த நம்பரைக் கூப்பிட்டேன். வயதான ஒரு பெண் குரல் எடுத்தது.

“ஏனுங்க, தோப்புக்கு ஆள் வேணும்னு போட்டிருந்தீங்களே, அதப் பாத்துப்போட்டுக் கூப்படறனுங்க.”

“அப்படீங்களா அம்மணி. எந்த ஊருங்க?”

“கோயமுத்தூருங்க. கணபதி.”

“கொழந்தைங்க இருக்குதுங்களா?”

“இல்லீங்க.”

“தண்ணி கிண்ணி போடற பழக்கம்?”

“அய்யோ, அதெல்லாம் இல்லீங்க” என்றேன். நான் என்னைப் பற்றித்தான் சொன்னேன்.

“ரொம்பச் சந்தோசமுங்க. அதொன்னு இல்லீன்னாலே போதும். நாளைக்கு ரெண்டு பேரும் வந்துருங்க. எடத்தப் பாத்துப்போட்டு, புடிச்சுதுன்னாப் பேசிக்கலாமுங்க.”

ரெண்டு பேர் இல்லைங்க என்று நான் ஆரம்பிப்பதற்குள் வழி சொல்லிப் போனை வைத்துவிட்டார். திருப்பிக் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் என்ன நடக்கும் என்று தெரியும். கேட்டுச் சொல்றமுங்க என்பார், கதை அதோடு முடிந்துவிடும். நேரில் போய் நின்றால் ஆளைப் பார்ப்பார். இரண்டு பேர் வேலையையும் நானே செய்கிறேன், ஒரு ஆள் சம்பளம் கொடுங்கள் என்று கேட்டுப் பார்க்கலாம். தோப்புக்கு ஆள் கேட்கிறவர்களுக்கு இதைவிட லாபமான கணக்கு எங்கே கிடைக்கும் என்று என்னை நானே தைரியப்படுத்திக்கொண்டு தூங்கினேன்.

மறுநாள் காந்திபுரத்தில் பஸ் ஏறி அவிநாசி போய், அங்கிருந்து டவுன் பஸ் பிடித்து, அவர் சொன்ன கைகாட்டியில் இறங்கினேன். அதற்கப்புறம் இட்டேரி. இரண்டு பக்கமும் வேலியடைத்த தோட்டங்களுக்கு நடுவே வண்டி போகிற மண்பாதை. ஆனிக் காற்று பாலக்காட்டுப் பக்கமிருந்து அள்ளிக்கொண்டு அடித்தது. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தேன். எதிரில் ஒரு மனுஷர்கூட வரவில்லை. தென்னை மட்டைகள் ஒன்றோடொன்று உரசுகிற சத்தம் மட்டும் கூடவே வந்தது.

கேட்டைத் திறந்ததும் நாய் குரைத்தது. அந்த அம்மா வெளியே வந்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். நூல் சேலை, காலில் ரப்பர் செருப்பு, கையில் ஈரத்துணி. என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, என் தோளுக்கு மேலே பாதையைப் பார்த்தார்.

“வாங்க அம்மணி. ஊட்டுக்காரரு பொறகால வாராருங்களா?”

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவரே பதிலையும் சொல்லிவிட்டார்.

“தோப்பச் சுத்திப் பாத்துப்போட்டு வரட்டுங்க. ஆம்பளைங்க வந்தா மொதல்ல போருல தண்ணி இருக்குதான்னுதான் பாப்பாங்க. நீங்க உக்காருங்க, வெயில்ல வந்திருக்கீங்க.”

வெயிலே இல்லை. ஆனாலும் உட்கார்ந்தேன். அந்த உபசரிப்பை நிறுத்திவிட்டு ‘நான் மட்டும்தான்’ என்று எப்படிச் சொல்வது? போர்டிகோவில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைத் துடைத்துப் போட்டார். உள்ளே போய் இரண்டு டம்ளரில் டீ கொண்டுவந்தார். ஒன்றை என் கையில் கொடுத்தார். இன்னொன்றை அடுத்த நாற்காலிமேல் வைத்து, அதைச் சின்னத் தட்டால் மூடினார். ஆளில்லாத அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நான் டீ குடித்தேன். என் வாழ்க்கையில் யாரும் என் கணவருக்கு இவ்வளவு மரியாதை செய்து நான் பார்த்ததில்லை.

பிறகு வீட்டைக் காட்டக் கூட்டிக்கொண்டு போனார். தோப்பு ஓரமாக, சிமெண்ட் அட்டைக் கூரை போட்ட ஒரு ரூம், சின்னச் சமையல்கட்டு. உள்ளேயே குழாய். தனிக் குளியலறை. ஜன்னலுக்கு வெளியே ஒரு கொய்யா மரம். குழாயைத் திருப்பிப் பார்த்தேன், தண்ணீர் சோவென்று கொட்டியது. லைன் வீட்டில் வெளிக் குழாய்க்குக் குடத்தோடு வரிசையில் நின்றவளுக்கு அது எப்பேர்ப்பட்ட காட்சி! மனதுக்குள் கட்டிலை ஜன்னலோரம் போட்டேன். டிவியை எதிர்ச் சுவரில் வைத்தேன். பிறகு டிவியே வேண்டாம் என்று எடுத்துவிட்டேன். கூப்பிடு தூரத்தில் பேச ஒரு ஆள் இருக்கும்போது அது எதற்கு?

“உங்க வேலைன்னு பாத்தா ரொம்ப இல்லீங்க” என்று, நான் திரும்பி வந்து போர்டிகோவில் உட்கார்ந்ததும் ஆரம்பித்தார் அந்த அம்மா. வாசல் கூட்டுவது, மாட்டுச் சாளையைச் சுத்தம் செய்வது, பால் கறப்பது, விழுந்த மட்டை பொறுக்குவது, தேங்காய் தரம் பிரிப்பது, அவருக்கு முடியாத நாளில் சமைப்பது. உள்ளே படுக்கையில் இருக்கிற அவருடைய வீட்டுக்காரருக்குத் துணி துவைப்பது. இவ்வளவும் என் பங்கு.

“அவருக்குங்க?” என்று கேட்டேன். கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். வராத ஆளுக்கு நானே வேலை விசாரித்தேன்.

“அவரு மோட்டார் போடோணுமுங்க. அதக்கூட இப்ப போன்லயே போட்டுக்கலாம், எம் பையன் பெங்களூர்ல இருந்தே போட்டுருவான். சும்மா இருந்தாப் போதுமுங்க. சம்பளம் ஜோடிக்குச் சேத்துத்தான், ஊட்டுக்காரர் கையில குடுத்துருவோமுங்க.”

எனக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை வேலைக்கு ஒருத்தி, சும்மா இருக்க ஒருத்தர், சம்பளம் சும்மா இருக்கிறவர் கையில். விளம்பரத்தில் கணவன் என்று முதலில் போட்டு மனைவி என்று பின்னால் போட்டிருந்ததன் நியாயம் அப்போதுதான் விளங்கியது. ஆனால் அந்தக் குழாயும் கொய்யா மரமும் என் கண்ணிலேயே நின்றன. சிரிப்பை அடக்கிக்கொண்டு, இப்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தபோது வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது.

தேங்காய் வியாபாரி. போர்டிகோவுக்குக் கீழேயே நின்றுகொண்டு ஒரு விலை சொன்னார். அந்த அம்மா முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

“இருங்க, அவரக் கேட்டுப்போட்டு வாரேன்” என்று உள்ளே போனார்.

நான் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பின்னால் ஒரு ஜன்னல். காற்றுக்குத் திரை விலகிக்கிடந்தது. வேண்டுமென்று பார்க்கவில்லை, பார்வையில் பட்டது. கட்டிலில் ஒரு பெரியவர் படுத்திருந்தார். வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது, கண் மேலே மின்விசிறியில் இருந்தது. அந்த அம்மா அவர் பக்கத்தில் போய் நின்றார். ஒன்றும் கேட்கவில்லை. போர்வையை இழுத்துவிட்டார். கடவாயைத் துடைத்துவிட்டார். சுவரில் இருந்த காலண்டரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வெளியே வந்தார்.

“அவரு செரின்னு சொல்லலீங்க. இந்த வெலைக்கு மரத்துலயே கெடக்கட்டும்னு சொல்றாருங்க.”

வியாபாரி தலையைச் சொறிந்தார். “ஐயா சொல்லிப்போட்டாருன்னா அப்பறம் என்னங்க. சேத்திப் போட்டுக் குடுத்தர்றனுங்க” என்றார். போகும்போது ஜன்னல் பக்கம் திரும்பி, “ஐயா, வாரனுங்க” என்று சத்தமாகச் சொன்னார். உள்ளேயிருந்து பதில் வரவில்லை. பதிலை எதிர்பார்த்து அவர் நிற்கவும் இல்லை. அவருக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். ஒரு பெண்பிள்ளை சொல்லி விலையை ஏற்றினோம் என்று இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

அந்த அம்மா வந்து படியில் உட்கார்ந்தார். நான் பார்த்துவிட்டேன் என்பது அவருக்குப் புரிந்திருந்தது.

“பேச்சு நின்னு ரொம்ப நாளாச்சுங்க” என்றார். “வெலை சொல்றதுக்கு ஆம்பள வாயி வேணுமுங்களே.”

அந்த நிமிஷம் அவரை எனக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று. இல்லாத வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு தோப்பையே நடத்துகிற பெண். இல்லாத ஆளை வைத்துக்கொண்டு நானும் ஒரு வீட்டை நடத்தியவள்தான். இவரிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

“ஏனுங்க, தோப்புல ஆருமில்லீங்க. நான் மட்டுந்தான் வந்தனுங்க.”

அவர் திடுக்கிடவில்லை. மூடி வைத்திருந்த டம்ளரைப் பார்த்தார்.

“ஊட்டுக்காரரு?”

“எங்கியோ இருக்காருங்க. என்னோட இல்லீங்க. ரொம்ப வருசமாச்சு.”

பிறகு மளமளவென்று சொல்லிவிட்டேன். எல்லா வேலையும் நானே செய்துவிடுவேன், மோட்டார் எனக்குப் புதிதல்ல, ஒரு ஆள் சம்பளம் போதும், அதிலும் குறைத்துக் கொடுத்தாலும் சரி, ஆடிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும், போக இடமில்லை. வேலை கேட்கப் போன இடத்தில் அப்படியெல்லாம் கொட்டக் கூடாது. தெரியும். ஆனால் நான் பேசி, ஒருவர் குறுக்கே பேசாமல் கேட்டு எத்தனையோ காலமாகியிருந்தது. நிறுத்த முடியவில்லை.

அவர் கேட்டு முடித்துவிட்டு எழுந்தார்.

“இருங்க அம்மணி. அவரக் கேட்டுப்போட்டு வாரேன்.”

எனக்கு மனசு லேசாகிவிட்டது. உள்ளே போய் என்ன கேட்பார் என்று எனக்குத்தான் தெரியுமே. போர்வையை இழுத்துவிடுவார், காலண்டரைப் பார்ப்பார், தன்னையே கேட்டுக்கொண்டு வருவார். முடிவு செய்யப்போவது ஒரு பெண். ஒரு பெண்ணுக்கு என் நிலைமை புரியாமலா போய்விடும்? இந்த முறை நான் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. சாமான் ஏற்ற யாருடைய டெம்போவைக் கேட்கலாம், பீரோவை இட்டேரியில் எப்படிக் கொண்டுவருவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் உள்ளே ரொம்ப நேரம் இருந்தார்.

வெளியே வந்து, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

“அவரு வேண்டாங்கறாருங்க.”

இந்த இடத்தில் ‘செரிங்க, பரவால்லீங்க’ என்று சொல்லிவிட்டு எழுந்துவிட வேண்டும். அதுதான் எங்கள் ஊர் முறை. வீடு தேடிப் போன வாசல்களில் எல்லாம் அப்படித்தான் எழுந்து வந்தேன். அன்று எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

“அவரு வேண்டாங்கலீங்க. நீங்கதானுங்க வேண்டாங்கறீங்க.”

சொன்ன பிறகு எனக்கே பயமாக இருந்தது. அந்த மாதிரி ஒரு வார்த்தையை நான் யார் வீட்டு வாசலிலும் சொன்னதில்லை. அவர் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் மூடிய டம்ளரை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, அந்த நாற்காலியை இழுத்துப் போட்டு எனக்கு எதிரிலேயே உட்கார்ந்தார்.

“ஆமாங்க. நாந்தானுங்க வேண்டாங்கறேன்” என்றார்.

“ஏனுங்க? நான் பத்தாதுங்களா?”

“வேலைக்கு நீங்க போதுமுங்க. எனக்குத் தொணைக்கும் நீங்க போதும், வந்ததுமே எனக்குப் புடிச்சுப்போச்சுங்க. இட்டேரில போறவங்களுக்கு நீங்க பத்தாதுங்க அம்மணி. ‘ஆரது’ன்னு கேக்கறதுக்கு வாசல்ல ஒரு ஆம்பளக் கொரலு இருக்கோணும். அவன் வேற ஒன்னும் புடுங்க வேண்டாம், அந்த ஒரு வார்த்தைக்குத்தான் சம்பளம். நீங்களும் நானும் இங்க இருந்தா ரெண்டு பேர்னு ஆரும் நெனைக்க மாட்டாங்க. ரெண்டு ஒண்டிக் கட்டைன்னுதான் சொல்லுவாங்க.”

அவர் குரல் உடையவில்லை. அரிசி விலையைச் சொல்கிற மாதிரி சொன்னார். அவர் சொன்னது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. எந்த விளம்பரத்தையும் அதைக் கொடுக்கிறவர்தான் எழுதுகிறார் என்று நினைத்துத் திட்டிக்கொண்டிருந்தேன். பாதையில் போகிறவர்கள் சொல்லச் சொல்ல இவர் எழுதியிருக்கிறார்.

சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பொய் சொன்னேன். அதற்கு மேல் உள்ளேயிருந்து வந்த சமையல் வாசனைக்கு நடுவே உட்கார எனக்குத் தெம்பில்லை. வெறும் கையோடு அனுப்பக் கூடாது என்று என் பையில் தேங்காய்களைத் திணித்தார். கேட் வரைக்கும் கூடவே வந்தார். நான் பாதை திரும்புகிறவரை அங்கேயே நின்றார்.

ஆடி பிறப்பதற்கு முன்னால் காந்திபுரத்தில் ஒரு பெண்கள் விடுதியில் எனக்கு ஒரு கட்டில் கிடைத்தது. சேர்க்கும்போது கணவர் பெயர் கேட்டார்கள், அப்பா பெயரைச் சொன்னேன். என் வயதில் பாதிகூட இல்லாத பெண்களோடு இப்போது அங்கேதான் இருக்கிறேன். ராத்திரி காதில் எதையோ மாட்டிக்கொண்டு அவரவர் போனைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார்கள். என்னை ஆன்ட்டி என்பார்கள், நல்ல பிள்ளைகள். ஒரு மருந்துக்கடையில் பில் போடுகிற வேலையும் கிடைத்தது. அந்தக் கடையும் இளம்பெண் வேண்டும் என்றுதான் விளம்பரம் கொடுத்திருந்தது. வந்த இளம்பெண்கள் யாரும் அந்தச் சம்பளத்துக்கு நிற்கவில்லை.

அது கிடக்கட்டும். தோப்புக்குப் போய்வந்த அன்று சாயங்காலம் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது, எங்கள் வரிசையில் கடைசி இரண்டு வீட்டின் ஓடுகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். செம்மண் தூசி என் வாசல் வரை வந்திருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு, தேங்காய்களைப் பையிலிருந்து எடுத்து வைத்துவிட்டு, அரிசி கழுவிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. அந்த அம்மாவின் நம்பர். மனசு மாறிவிட்டது, வரச் சொல்லப்போகிறார் என்று நினைத்து ஈரக் கையோடு எடுத்தேன்.

“ஏனுங்க?”

“அம்மணி, பத்தரமா ஊடு போயிச் சேந்துட்டீங்களா?”

“சேந்துட்டனுங்க.”

“பஸ்ஸுல உக்கார எடம் கெடச்சுதுங்களா? நீங்க ஒரு வாய் சாப்படாமப் போயிட்டீங்க, எனக்கு அதே நெனப்பா இருந்துச்சு.”

“கெடச்சுதுங்க. இப்பத்தான் ஒல வெக்கறனுங்க.”

“செரிங்க. சாப்புட்டுப் படுங்க.”

அதற்கப்புறம் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் வைக்காமல் பிடித்துக்கொண்டிருந்தோம். அவர் பக்கம் மட்டை உரசுகிற சத்தம் கேட்டது. என் பக்கம் ஓடு உடைகிற சத்தம் அவருக்குக் கேட்டிருக்கும். நான் எதையாவது சொல்லட்டும் என்று அவர் காத்திருந்தாரா, அவர் சொல்லட்டும் என்று நான் காத்திருந்தேனா, தெரியவில்லை. பிறகு வைத்துவிட்டார்.

வீடு போய்ச் சேர்ந்தாயா என்று என்னை ஒருவர் கேட்டு எத்தனை வருஷமாயிற்று என்று யோசித்துப் பார்த்தேன், ஞாபகம் வரவில்லை. அப்போதுதான் அழுதேன். அப்படிக் கேட்கிற ஒருத்தியோடு ஒரே வாசலில் வாழ்ந்திருப்பேன், கூட நிற்க ஒரு ஆண் இருந்திருந்தால்.